நடுப்பாலம் வரைக்கும்

அரியாங்குப்பம் பாலம் வந்ததும் நான் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். சிலர் முந்திப் போகும்போது திரும்பி முறைத்துவிட்டுப் போவார்கள். முறைக்கட்டும், காசா பணமா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஆற்றைத் தினம் இரண்டு தடவை தாண்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம் மட்டும் தாண்டாமல் இருந்தேன். என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது நடந்தது இது.

வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். செஞ்சிப் பக்கமிருந்து வருகிற சங்கராபரணி, கடலைத் தொடுவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால் இரண்டாகப் பிரிந்துவிடும். வடக்கே போவது அரியாங்குப்பம் ஆறு, தெற்கே போவது சுண்ணாம்பாறு. பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டைப் பிடித்தால் முதலில் அரியாங்குப்பம் பாலம், பிறகு நோணாங்குப்பம் பாலம், அப்புறம்தான் தவளக்குப்பம். என் அம்மா வீடு ஆற்றுக்கு வடக்கே, பாண்டிச்சேரி டவுனை ஒட்டிய முத்தியால்பேட்டையில். மாமியார் வீடு தவளக்குப்பத்தைத் தாண்டி, கரும்பும் நெல்லும் போடுகிற ஊரில். எனக்கு வேலையும் டவுன் பக்கம், சாரம் என்கிற இடத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். என் நாக்கும் ஊசி மாதிரிதான் என்று வீட்டுக்காரர் சொல்வார். அதில் அவ்வளவு பொய் இல்லை.

எங்களுடையது காதல் கல்யாணம். நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். அவர்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற குடும்பம். முதலில் இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு இறக்கி வைத்தார்கள். வரவேற்புக்காக மாப்பிள்ளை வீட்டுக்கு வேனில் போகும்போதுதான் என் மாமனாரை முதல்முதலாகச் சரியாகப் பார்த்தேன். பழைய பாலத்தின் மேல் வேன் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "வண்டிய நிறுத்துப்பா" என்றார். இறங்கினார். கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, வேரோடு வருகிற வரை அதை நோண்டி எடுத்தார். பின்னால் ஆட்டோவும் ஸ்கூட்டரும் அலறின. நான் மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

"இத வுட்டா நாளைக்கிப் பாலத்தையே பொளந்துடும்."

நல்ல குடும்பத்தில்தான் வந்து மாட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அரசாங்கத்தில் பாலங்களைப் பராமரிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் அடைத்த குப்பையை எடுப்பது, சுவருக்கு வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடிப்பது, வெள்ளம் வந்தால் தூணில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. ஆயுசு பூராவும் இதுதான் அவருக்கு வேலை. இரண்டு பாலங்களும் தன்னுடையவை என்கிற நினைப்பு அவருக்கு உண்டு. அதிலும் அரியாங்குப்பத்துப் பழைய பாலம் என்றால் உயிர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாலம், முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் போட்டுக் குழைத்த சுண்ணாம்பு என்பார். "முட்ட போட்டத நீங்க பாத்தீங்களா மாமா?" என்று நான் கேட்டால், "பாலத்த மோந்து பாரு" என்பார். பக்கத்தில் வந்த புதுப் பாலத்தை அவர் மதிக்கவே மாட்டார். "அது பாலமில்ல, தூக்கி வெச்ச ரோடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்தப் பக்கம் நான் போனால்கூட அவருக்கு ஆகாது. அப்போது பழைய பாலத்தில் கனத்த வண்டிகளை விடுவதில்லை. ஸ்கூட்டர், ஆட்டோ, சைக்கிள், மிஞ்சினால் ஒரு வேன். அதனால் நானும் அதில்தான் போய் வந்தேன்.

எங்களுக்குள் பழக்கம் வந்தது ஒரு கேள்வியால்தான். சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்:

"தண்ணி எவ்ளோ ஓடுது?"

"நெறைய ஓடுது மாமா."

"நெறையன்னா? தூணுல பாசி தெரியுதா, மறைஞ்சிடுச்சா?"

இரண்டாவது வாரத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தேன். கடல் தண்ணீர் ஏறி வருகிற நேரமா இறங்குகிற நேரமா, வீச்சு வலைக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், சேற்றின் வாடை அடிக்கிறதா, கொக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே பார்ப்பேன். வந்து சொல்வேன். தலையை ஆட்டுவார். பேப்பர் படித்த திருப்தி அவர் முகத்தில் வரும். பிறகு டீ குடிப்போம். இதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு முதலில் சொந்தமானவர் அவர்தான், என் வீட்டுக்காரரைவிட என்றுகூடச் சொல்லலாம்.

முதல் தடவை உண்டானபோது நாலாம் மாதம் கலைந்துவிட்டது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் பார்க்க வந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தி போகிறபோக்கில், "தெனம் ரெண்டு ஆறு தாண்டுனா எப்படித் தங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் லேபில் வேலை செய்கிறவள். எது எதனால் கலையும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

அதனால் அடுத்த தடவை உண்டானபோது வீட்டில் நான்கு பேரையும் என் அம்மாவையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அத்தை கட்டளை போட்டிருந்தாள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏரிகள் நிரம்பி, ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, பாண்டிச்சேரிப் பக்கக் கரையான முருங்கப்பாக்கத்தில் பாலத்தை மூடுவதற்காகத் தடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் முழுசாகப் போடவில்லை. ஓரமாக ஒரு சந்து இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அதில் நுழைந்துவிட்டேன். யாரோ கத்தினார்கள். நான் நிற்கவில்லை.

நடுவில் போனபோதுதான் கீழே பார்த்தேன். தண்ணீர் பாலத்துக்குக் கீழே ஓடுகிற மாதிரி இல்லை, பாலத்தோடு ஓடுகிற மாதிரி இருந்தது. சுவர் அதிர்ந்தது. கண்ணை நேராக வைத்துக்கொண்டு அக்கரைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வேடிக்கை பார்க்கிற கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் குடையோடு மாமா. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளம் வந்தால் அவர் வீட்டில் இருக்க மாட்டார்.

"ஏய்! அறிவு இருக்கா ஒனக்கு? வயித்துல ஒண்ண வெச்சிக்கிட்டு இப்பிடியா வருவ? போனது பத்தலியா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் அதில் இருந்தார்கள். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவர் நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டார். போனதையும் சொல்லிக் காட்டிவிட்டார்.  பாலத்தில் பட்ட பயம் எல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"நீங்க யாரு என்னக் கேக்க? போலீஸா? ரிட்டயராயி எத்தன வருசம் ஆச்சி? இன்னும் பாலம் உங்க அப்பன் வூட்டு சொத்துன்னு நெனப்பா?"

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.  மாமா என்ன நினைத்தாரோ, கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார் அத்தையிடம், நான் எதிரிலேயே நிற்கும்போது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் வயிற்று விஷயத்தைத் தண்டோரா போட்டவர் அவர்தான், அவரே முதலில் பேசட்டும் என்று இருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தூது போய் அலுத்துவிட்டார். உண்மையில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது சாயங்காலங்கள்தான். பழக்க தோஷத்தில் பாலத்தின் மேல் வரும்போது தண்ணீரைப் பார்த்துவிடுவேன். பாசி தெரிந்தது, கொக்கு இருந்தது. வீட்டுக்கு வந்தால் கேட்க ஆள் இல்லை. அவர் டீயை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போயிருப்பார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்ட பிறகு பிள்ளை பெற்று வருகிற வரை ஆறு தாண்டக் கூடாது என்பது அத்தை வீட்டு வழக்கம். ஆனால் அங்கே போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவதென்றால் ஆற்றைத் தாண்டித்தானே வர வேண்டும்? அதனால் முதலிலேயே என்னை முத்தியால்பேட்டையில் கொண்டுவந்து விட்டு, வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். மாமாவும் வந்தார். ஆண்கள் பந்தியில் சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. நான் உள்ளே இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மூன்று வாரம் கழித்து அவருக்கு முடியாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை, கண் மஞ்சளாகிவிட்டது. தெற்கே கிருமாம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி. தினம் எத்தனையோ தாள் பார்க்கிறவள் நான். ஒரு தடவை பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். டாக்டர் அவர்களிடம் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரல் போய்விட்டது. ஒரு மாதம் தாண்டினால் பெரிசு. எனக்கு நாள் குறித்திருந்ததோ இரண்டு மாதத்துக்கு அப்புறம்.

"அம்மா, நான் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன். காலையில போயி சாயங்காலம் வந்துடுவேன்."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஆறு தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அதெல்லாம் அவங்க வழக்கம்மா. நம்மள்ல ஏது இதெல்லாம்? நம்ம பங்குச் சாமியார்கிட்ட கேட்டா சிரிப்பாரு."

"நம்மள்ல இல்லதான். எனக்கும் நம்பிக்க இல்ல. ஆனா அவங்க சொன்னத மீறி நீ போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா? மாதா மேல பாரத்தப் போட்டு ஒன்ன உட்டேன்னு நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்? ஒரு தடவ பாத்துட்டேன்டி. இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். அம்மா தடுக்கவில்லை, கீரையைத்தான் ஆய்ந்துகொண்டிருந்தாள். தடுத்தது நான்தான். இரண்டு ஆறு தாண்டினால் எப்படித் தங்கும் என்று கேட்டுவிட்டுப் போனாளே, அவள் குரல் காதில் கேட்டது. படித்த படிப்பு, செய்கிற வேலை எல்லாம் அந்த வாசற்படியில் செல்லாக்காசாகப் போயின. அவரைப் பார்க்காமல் விட்டால் ஆயுசுக்கும் உறுத்தும் என்று தெரியும். பார்க்கப் போய் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்று பயமும் இருந்தது. இரண்டில் எதையும் விட முடியாமல் உட்கார்ந்து அழுதேன்.

போனில் பேசிவிடலாம் என்று பார்த்தேன். மாமாவுக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் "ஆங், ஆங்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு யாரிடமாவது கொடுத்துவிடுவார். வீடியோவில் காட்டியபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். "அப்பாவ முத்தியால்பேட்டைக்கே அழைச்சிட்டு வந்துடவா?" என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். "விசேஷம்னு கூப்பிட்டாங்க, போனன். இப்ப என்னான்னு சொல்லிப் போயி ஒக்காருவன்? பேசாதவ வூட்ல எனக்கு என்னா வேல?" என்றாராம். சாகக் கிடக்கிறபோதும் வீம்பு.

நான் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "நான் மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன், வர முடியலன்னு அழுவுறேன்னு அவரு காதுல நல்லா ஏறுற மாதிரி கத்திச் சொல்லுங்க." சொல்லியிருக்கிறார்.  மறுநாள் காலை மாமா அவரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். நாலைந்து மாதத்துக்குப் பிறகு எனக்கென்று அவர் சொன்ன முதல் பேச்சு அது.

"அவ தாண்ட வேணாம். பாலத்துல பாதி வரட்டும். பாதி நான் வரேன்."

இரண்டு சம்பந்திகளும் போனில் உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது.

"பாதி தாண்டுனா தாண்டுனதா ஆவுமா சம்பந்தி?" இது என் அம்மா.

அத்தை வெகுநேரம் யோசித்தாள். "கரைய மிதிச்சாத்தான் தாண்டுனது. அந்தக் கர மண்ண மிதிக்கக் கூடாது."

"பாலத்து மேலதான் நிக்கப் போறா. மண்ணே கெடையாதே."

"ஆனாலும் நடுவத் தாண்டக் கூடாது சம்பந்தி. நடுவத் தாண்டிட்டா அந்தப் பக்கம்னுதான் கணக்கு."

"நடு எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள். முதல் பூசையைக்கூட விட்டுவிட்டு அம்மா என்னோடு ஆட்டோவில் வந்தாள். கையில் ஜெபமாலை. முருங்கப்பாக்கம் பக்கம் இறங்கி, பழைய பாலத்தில் நடந்தோம். எட்டாம் மாதம், எனக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. வீட்டுக்காரர் முதலில் இறங்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்தார். அத்தை கையில் எலுமிச்சம்பழத்தோடு பின்னால் இறங்கினாள். நான் மாமாவைப் பார்த்தேன். வேட்டிக்குள் ஆளே இல்லை. கண் மட்டும் மஞ்சளாக, பெரிசாக இருந்தது.

அந்தக் கண்ணால் கைப்பிடிச் சுவரின் தூண்களை எண்ணினார். கையை நீட்டி ஒரு தூணைக் காட்டினார்.

"இதான் நடு. அங்கியே நில்லு."

தூணுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் அவர் நாற்காலி. அம்மாவும் அத்தையும் நான் தூணைத் தாண்டிவிடுவேனோ என்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"மாமா, நான் அன்னிக்கிப் பேசுனது தப்பு."

"என்னா?"

"தப்புன்னு சொல்றேன்."

"சத்தமாச் சொல்லு. காத்து அடிக்கிது."

"நான் உங்கள அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது மாமா! தப்பு என் மேலதான்! என்ன மன்னிச்சிடுங்க!"

அடித் தொண்டையிலிருந்து கத்தினேன். மீன் கூடையோடு மொபெட்டில் போன ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டார். சைக்கிளில் வந்த இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. அழுதுகொண்டே திரும்பவும் ஒரு தடவை கத்தினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டுது, கேட்டுது. ஊருக்கே கேட்டுது."

கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானும் அத்தன பேருக்கு எதிர்ல சொல்லியிருக்கக் கூடாதும்மா. எத்தன வெள்ளம் பாத்துருக்கன், தண்ணியக் கண்டு பயந்ததில்ல. அன்னிக்கி நீ நடுவுல வந்தப்ப பயந்துட்டன். அப்பறம், நீ சொன்னது சரிதான். எல்லாரும் மாலையப் போட்டு அனுப்புனாங்களே தவிர, இனிமே ஒனக்கு வேல இல்லன்னு எவனும் சொல்லல. நீதான் சொன்ன. அத முழுங்கறதுக்கு எனக்கு இத்தன நாளாச்சி."

 அவர் சுவரைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து அவருக்கு ஆறு தெரியவில்லை.

"தண்ணி எவ்ளோ ஓடுது?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கண்ணீரில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்துச் சொன்னேன். கடல் ஏறி வருகிற நேரம், பாசி பாதி மறைந்திருக்கிறது, வடக்குக் கரை ஓரம் ஒரு தோணி, வலைக்காரர் யாரும் இல்லை. தலையை ஆட்டினார். அத்தை இந்தப் பக்கம் வந்து என் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழத்தை ஆற்றில் போட்டாள். அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டாள். முடிந்தது, கிளம்பலாம் என்று எல்லோரும் நினைத்தோம்.

"என்ன எழுப்பு" என்றார் மாமா மகனிடம்.

ஆட்டோவில் ஏற்றத்தான் சொல்கிறார் என்று வீட்டுக்காரர் ஆட்டோ பக்கம் திருப்பினார். அவர் வரவில்லை. என் பக்கம் திரும்பி நின்றார்.

"தாண்டக் கூடாதவ அவதான. எனக்கு என்னா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் சுவர். தூணைத் தாண்டினார். அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "வேணாம் மாமா, வேணாம் மாமா" என்று சொல்லிக்கொண்டே நான் பக்கத்தில் நடந்தேன். இரண்டு பேரும் நடக்க முடியாதவர்கள். பத்தடிக்கு ஒரு தடவை நின்றோம். நிற்கும்போதெல்லாம் அவர் கை தன்பாட்டுக்குச் சுவரில் காரை பெயர்ந்த இடங்களைத் தடவிப் பார்த்தது. மொபெட்காரர் கூடையோடு பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், வேறு வண்டி எதுவும் எங்களை இடிக்காதபடி. யார் பெற்ற பிள்ளையோ.

முருங்கப்பாக்கம் பக்கம் பாலம் முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை வைத்தார். வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வந்துட்டன். இனிமே எனக்கு என்னா ஆனாலும் நீ அந்தப் பக்கம் வரக் கூடாது. பெத்துத் தூக்கிக்கிட்டு வா. வெளங்குதா?"

"வெளங்குது மாமா."

பின்னாலேயே வந்த ஆட்டோவில் அவரை ஏற்றினார்கள். அது திரும்பிப் பாலத்தின் மேல் போய் மறைகிற வரை நின்றிருந்தேன்.  வீடு வருகிற வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அழுகை வரவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் விசும்புவது கேட்டது. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கால் மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா உள்ளே வந்து என் புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"கெளம்பு" என்றாள். "ஆறாவது, ஒண்ணாவது. அப்பேர்ப்பட்ட மனுசனப் பாக்காம இருக்கறதா? மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். சம்பந்தி கேட்டா நான்தான் அழைச்சிட்டு வந்தேன்னு சொல்றேன். எழுந்திரு."

நான் புடவையை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

"நீ போயிட்டு வாம்மா. நான் வரல. அவருதான் வந்துட்டுப் போயிட்டாரே."